ஒட்டுச் சித்திர அட்டைக்கு எந்த மட்டை?

சென்ற தவணையின் இறுதி வாரத்திலே ஒருநாட் காலை, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கடதாசிப் பையொன்றை என் மேசைமீது வைத்துவிட்டு வாய் திறவாது நின்றான். பையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே எட்டுச் சிறு அட்டைகள். ஒவ்வொன்றிலும் பழைய முத்திரைகளும், பஸ் ரிக்கற்றுகளும், இனிப்புச் சுற்றிய மினுமினுப்புத் தாள்களும், சேலைக் கரைத் துண்டுகளும் வெகு நேர்த்தியாக ஒட்டப்பட்டிருந்தன. ஆனால் எட்டும் வெயிலிற் கிடந்த மாவிலைபோல வளைந்து சுருண்டிருந்தன.

“சேர், ராத்திரி ஒட்டேக்க நேராத்தான் இருந்தது. விடியப் பார்த்தால் எல்லாம் கூனிப் போச்சு” என்றான்.

அன்று பிற்பகலே அவனுடைய வகுப்பினர் தாம் செய்த அட்டைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள இருந்தனர். கூனிய அட்டையை யார் வாங்குவார் என்பதே அவன் துயரம். மூன்று வாரமாகப் படங்களைச் சேகரித்தவன், அவற்றைத் தாங்கும் மட்டையைத் தேர்ந்தெடுக்க மூன்று நிமிடமும் செலவிடவில்லை என்பதை விசாரித்து அறிந்தேன். பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றின் மேலுறையை வெட்டி, கோதுமை மாப் பசையைத் தாராளமாகப் பூசி ஒட்டியிருக்கிறான். அவனைக் குறைகூறி என்ன பயன்? அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் எவருமில்லை, நான் உட்பட. ஆகவே இவ்வாரம் அம்மட்டையைப் பற்றியே பேசலாம் எனக் கருதுகின்றேன்.

இவ்வட்டைகளை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. சுவிற்சர்லாந்து தேசத்துச் சூரிச் நகரிலே வான்சி ஸ்டிர்னெமன் என்னும் கலைஞர் 1996 ஆம் ஆண்டில் உள்ளங்கையில் அடங்கும் அட்டைகளைத் தம் கையாலே செய்யத் தொடங்கி, 1,200 அட்டைகளை ஆக்கினார். 1997 இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, தாமும் அட்டை செய்து கொண்டுவருவோர் அவற்றைத் தம்முள் மாற்றிக்கொள்ளலாம் என அழைப்பும் விடுத்தார். அவ்வழக்கம் அன்று முதல் நாடு நாடாகப் பரவிற்று. விலைக்கு விற்பதில்லை, கைமாற்று மட்டுமே. அளவும் மாறுவதில்லை: அகலம் 64 மில்லிமீற்றர், உயரம் 89 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அங்குலமும் மூன்றரை அங்குலமும். சீட்டாடும் அட்டையின் அளவும் ஏறக்குறைய இதுவே. இவ்வளவை மாணவர்க்குக் காட்டுவதற்காக ஒருமுறை இசுபேட்டு இராணி ஒருத்தியை என் மேசையில் வைத்திருந்தேன். அவ்வழியே சென்ற முதிய ஆசிரியர் ஒருவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

இனி, அட்டை ஏன் கூனியது என்பதைப் பார்ப்போம். கடதாசி என்பது நுண்ணிய நார்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த படுக்கையாகும். ஈரம் பட்டவுடன் அந்நார்கள் பருக்கின்றன. ஆகவே தாளும் விரிகின்றது. பசை பூசிய தாள் இவ்வாறு விரிந்த நிலையிலேயே மட்டையைப் பற்றிக்கொள்கின்றது. பின்னர் உலரும்போது சுருங்குகின்றது; சுருங்கும்போது தான் பற்றிய மட்டையையும் உடன் இழுக்கின்றது. மட்டை தடித்ததாயின் அவ்விழுப்பைத் தாங்கி நிற்கும். மெலிந்ததாயின் வளைந்து கொடுக்கும். நம் மாணவனின் கொப்பி உறை பாவம், எட்டுப் பத்துத் துண்டுகளின் இழுப்புக்கு எங்ஙனம் ஈடுகொடுக்கும்?

எனவே தடிப்பை முதலில் நோக்க வேண்டும். கடதாசியின் தடிப்பை வியாபாரிகள் நிறையைக் கொண்டே கூறுவர். ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்பதே அக்கணக்கு. சாதாரணமாகப் பிரதியெடுக்கும் தாள் 80 கிராம். நம் அட்டைக்கு 300 கிராம் அளவான மட்டை மிகப் பொருத்தமானது; 250 கிராமுக்குக் கீழே போகாதிருப்பது நலம். கடைக்காரருக்கு விபரம் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஏ4 அளவான தாள் சதுர மீற்றரிற் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே ஒரு ஏ4 மட்டையைத் தராசில் இட்டு, வந்த கிராமைப் பதினாறாற் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். 80 கிராம் தாள் ஒன்று சரியாக 5 கிராம் நிற்கும். 300 கிராம் மட்டை ஏறத்தாழ 19 கிராம் நிற்கும். ஏ4 ஒன்றிலே மூன்று வரிசையில் மும்மூன்றாக ஒன்பது அட்டைகள் வெட்டலாம். குறுக்காகத் திருப்பி வைத்து வெட்டினால் எட்டுத்தான் தேறும்.

ஆனால் தடிப்பு மட்டும் போதாது. யந்திரத்திற் செய்யப்படும் கடதாசியில் நார்கள் பெரும்பாலும் யந்திரம் ஓடும் திசையிலேயே படுகின்றன. மரத்துக்கு வைரவோட்டம் இருப்பதுபோலக் கடதாசிக்கும் ஒரு நாரோட்டம் உண்டு. நார் நீளத்தில் அதிகம் நீளாது, குறுக்கேதான் பருக்கும். ஆதலால் தாளும் நாரோட்டத்துக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். இதைக் கண்டறிவது எளிது. மட்டையை மடித்து முறிக்காமல், இரு ஓரங்களையும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். பின் திருப்பிப் பிடித்து மறுபக்கமாக வளைத்துப் பாருங்கள். ஒருபுறம் எதிர்த்து நிற்கும். மறுபுறம் இணங்கி வளையும். இணங்கி வளையும்போது உண்டாகும் வளைவின் முதுகு எந்தத் திசையில் நீண்டு கிடக்கின்றதோ, அதுவே நாரோட்டம். செய்தித்தாளைக் கிழித்துப் பார்த்தும் இதனை அறியலாம்: ஒரு திசையில் நேராகக் கிழியும், மற்றத் திசையிற் கோணலாகப் போகும். அட்டையின் நீளவாட்டில் நாரோட்டம் அமையுமாறு வெட்டுவதும், மேலே ஒட்டும் பெரிய தாள்களின் நாரோட்டத்தையும் அதே திசையில் வைப்பதும் வழக்கமாக்கிக்கொண்டால் பாதி வளைவு தானாகவே ஒழியும்.

மீதிப் பாதிக்குப் பழைய புத்தகம் கட்டுவோரின் வழியொன்று இருக்கிறது. முன்பக்கம் ஒட்டிய அளவுக்குப் பின்பக்கமும் ஒரு தாளை ஒட்டிவிடுவது. முன்னே இழுப்பதைப் பின்னே இழுப்பது சரிசெய்து, மட்டை நடுநிலையில் நிற்கும். பின்னர் இரு வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, மேலே பாரமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். நம் மாணவனின் அட்டைகளுக்கு அன்று இவ்வைத்தியத்தையே செய்தோம். முதுகுப்புறத்தைச் சிறிது நனைத்து, தாள் ஒட்டி, பௌதிகவியற் புத்தகங்கள் ஆறின் கீழே அமுக்கினோம். ஓர் இரவு வேண்டிய இடத்தில் மூன்று மணி நேரந்தான் கிடைத்தது. ஆறு அட்டைகள் திருந்தின; இரண்டு திருந்த மறுத்தன.

வீட்டிலே கிடைக்கும் மட்டைகளில் எது உதவும், எது உதவாது என்பது பலரும் கேட்கும் கேள்வி. சவர்க்காரப் பெட்டி, பற்பசைப் பெட்டி ஆகியவை விலையின்றிக் கிடைப்பன, விறைப்பும் உண்டு. ஆயினும் அவற்றிற் பெரும்பாலானவற்றின் உட்புறம் சாம்பல் நிறமாயிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பழங்கடதாசிகளை அரைத்துச் செய்த மட்டை அது. மேலே மட்டும் மெல்லிய வெள்ளைப் பூச்சு. கை பழகுவதற்கு இதனினும் நல்லதில்லை. நெடுநாள் வைத்திருக்க விரும்பும் அட்டைக்கு ஆகாது. மூலையில் முதலில் அடுக்கடுக்காகப் பிரியும்; பின்னர் பழுப்பேறும். மாதக் கலண்டரின் தாள் வழுவழுப்பானது. பசை அதன்மேல் நின்று வழுக்குமேயன்றி உட்புகாது. பயன்படுத்தியே ஆகவேண்டுமெனில் மரம் தேய்க்கும் மண்தாளால் மெல்லத் தேய்த்து மினுக்கத்தை நீக்குக. சீட்டாடும் அட்டைக்கும் இதுவே விதி. புத்தகம் கட்டும் தடித்த மட்டை இவ்வளவு சிறிய அட்டைக்கு வேண்டாத பாரம்.

பாடசாலைப் பிள்ளைகள் நன்கறிந்த பிறிஸ்டல் போட் பலவகைத் தரத்தில் வருகின்றது. வாங்குமுன் ஒரு மூலையைச் சிறிது கிழித்து உள்ளே பாருங்கள். உள்ளும் புறமும் ஒரே வெண்மையாயிருந்தால் நன்று. நடுவே சாம்பல் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நீர்வர்ணம் தீட்டும் 300 கிராம் தாள் எல்லாவற்றிலும் மேலானது, விலையும் மேலானதுதான். ஒரு தாளை நான்கு பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்வதில் வெட்கமில்லை.

பனையோலை ஆகாதா எனச் சிலர் கேட்கின்றனர். முன்னோர் ஏடாக எழுதியதை நாம் அடித்தாளாகக் கொள்ளலாகாதா என்பது நியாயமான கேள்வியே. ஆனால் ஏட்டோலை என்பது மரத்திலிருந்து வெட்டிய ஓலையன்று. அவித்து, உலர்த்தி, தேய்த்துப் பதப்படுத்தியது. பச்சையோலை உலரும்போது முறுகும். மெழுகுத் தன்மையுள்ள அதன் மேற்பரப்பில் மாப்பசை பிடிக்கவும் மாட்டாது. அகலமும் போதாது. ஆதலால் ஓலையை அடியில் வைக்காமல் மேலே ஓர் அழகாக வைத்து, நூலால் இரண்டு தையல் போட்டுவிடுவதே என் யோசனை. சாயமிட்ட சார்வோலைக் கீற்று ஒன்று வெள்ளை மட்டையில் எவ்வளவு எடுப்பாகத் தோன்றும் என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர்.

கலியாண அழைப்பிதழ்கள் நம் வீடுகளிற் குவிந்து கிடக்கும் செல்வம். பல நல்ல தடிப்பு, நல்ல வெண்மை. பிளாஸ்ரிக் உறை ஒட்டியவற்றையும் மஞ்சள் தடவிய மூலைகளையும் விலக்கிவிட்டு, எஞ்சியதைத் துணிந்து எடுக்கலாம். பிள்ளையார் படத்தின்மேற் கத்தரிக்கோல் வைக்க வீட்டுப் பெரியோர் விடமாட்டார்கள். அவ்விடத்தில் நான் பெரியோர் பக்கமே.

நிறம் மாறுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரத்தை அப்படியே அரைத்துச் செய்யும் மலிவுக் கடதாசியில் இலிக்னின் என்னும் பொருள் தங்கிவிடுகின்றது. ஒளியும் காற்றும் பட அது பழுப்பேறுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கி, மை பரவாதிருப்பதற்காகக் கடதாசியிற் படிகாரம் சேர்க்கும் வழக்கம் பரவியது. அது அமிலத்தைத் தோற்றுவித்து நார்களை அறுக்கின்றது. அமெரிக்காவிலே வில்லியம் பாரோ என்பார் 1950 களில் பழைய நூல்களைச் சோதித்து, தாள் நொறுங்குவதற்கு அமிலமே பெருங்காரணம் என எடுத்துக்காட்டினார். நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: அமிலம் இருந்த இடத்திலேயே இருப்பதில்லை. கீழேயுள்ள மட்டையிலிருந்து மேலே ஒட்டிய நல்ல தாளுக்கும் அது மெல்ல ஏறும். அடித்தாளிற் சிக்கனம் செய்வது படத்திற்கே தீங்காய் முடிவது இதனாற்றான்.

மாணவர்கள் இதை வீட்டிலே சோதிக்கலாம். செய்தித்தாள் துண்டொன்றின் பாதியைத் தடித்த புத்தகத்துள் வைத்து, மறுபாதியை யன்னலோரம் வெயிலில் ஒரு வாரம் விடுங்கள். அதனருகே நல்ல வெள்ளை மட்டை ஒன்றையும் அவ்வாறே வையுங்கள். பின்னர் இரண்டையும் எடுத்து ஒப்பிடுங்கள். நான் விளக்கத் தேவையில்லை.

பெருங் கலைஞரும் இவ்விதிக்கு விலக்கல்லர். 1912 ஆம் ஆண்டிற் பிரான்ஸ் தேசத்திலே பிறாக், பிக்காசோ ஆகிய இருவரும் சுவரொட்டித் தாளையும் செய்தித்தாளையும் தம் சித்திரங்களில் ஒட்டி ஒரு புது நெறியைத் தொடக்கினர். அவர்கள் ஒட்டிய செய்தித்தாள்கள் இன்று பழுப்பேறித் தோன்றுகின்றன. அவர்களுக்கு 140 ஆண்டுகள் முன்னரே, இங்கிலாந்தில் மேரி டெலனி என்னும் மூதாட்டி 1772 இல், தமது 72 ஆம் வயதில், வண்ணத் தாள்களை நுணுக்கமாக நறுக்கிப் பூக்களாக ஒட்டத் தொடங்கினார். கண்பார்வை மங்கும்வரை பத்தாண்டு காலத்தில் ஆயிரத்தை அண்மித்த எண்ணிக்கையிற் செய்தார். கருமை பூசிய தாளின்மேல் ஒட்டிய அப்பூக்கள் பிரித்தானிய நூதனசாலையில் இன்றும் பொலிவோடு இருக்கின்றன. அக்காலத்துக் கடதாசி கந்தற் துணியை அரைத்துச் செய்தது, மரத்தூளன்று.

நம் காலநிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மாரியிற் காற்றிலுள்ள ஈரமே தாளை விரிக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். அம்மாதங்களில் மாப்பசையைத் தவிர்த்து பைண்டர் கம் எனப்படும் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசுவது மேல். மாப்பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கும் விருந்துதான். ஆனால் மாப்பசைக்கு ஒரு குணமுண்டு: நீர் பட்டால் இளகும், ஒட்டியதைப் பின்னொருநாள் பிரித்தெடுக்கலாம். இக்குணம் எனக்கு எவ்வகையில் முக்கியமாயிற்று என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

அன்று பிற்பகல் மாணவனின் ஆறு அட்டைகளும் கைமாறின. திருந்தாத இரண்டில் ஒன்றை நானே கேட்டு வாங்கினேன். “சேர், நீங்களும் ஒண்டு தரவேணும்” என்றான். நியாயந்தானே? மாற்று என்றால் இருபக்கமும் கொடுக்க வேண்டும். வீட்டிலே பழைய அட்டைகள் இருக்கும் நினைவில் அன்றிரவு தகரப் பெட்டியைத் திறந்தேன்.

அவை என் அக்கா செய்தவை. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில், கடதாசி அருமையாயிருந்த நாட்களில், அவள் எனக்காக ஏழு அட்டைகள் செய்தாள். சூரிச் நகரையோ அங்குள்ள வழக்கத்தையோ அவள் அறியாள். சீட்டு ஒன்றை வைத்து அதன் விளிம்பைப் பென்சிலாற் கீறி வெட்டினாள், அவ்வளவே. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது என் புத்தகப் பையில் அவை இருந்தன. வீட்டில் விட்டு வந்தவை திரும்பக் கிடைக்கவில்லை. ஐயா அம்மாவின் கலியாண அல்பமும் அவற்றுள் ஒன்று.

ஏழில் நான்கு சவர்க்காரப் பெட்டி மட்டையிற் செய்தவை. அவை கபிலநிறமாகி, விரல் பட்டாலே மூலை உதிர்கின்றன. இரண்டு கொப்பி உறையிற் செய்தவை, சுருண்டு கிடக்கின்றன. ஏழாவது மட்டும் இன்றும் நேராக, வெண்மையாக இருக்கின்றது. விறைப்பான மட்டை, முதுகிலே கோடிட்ட கொப்பித் தாளொன்றை முழுதாக ஒட்டி, அதன்மேல் ஊற்றுப்பேனாவால் “தம்பிக்கு” என எழுதியிருக்கிறாள். அது நெடுங்காலம் தாங்கியதன் காரணம் எனக்கு விளங்கிற்று. அவள் அறியாமலே இருபக்கமும் ஒட்டிவிட்டாள்.

ஏன் முதுகில் ஒட்டினாள் என்பதையும் அன்றிரவே கண்டேன். கொப்பித் தாளின் ஒரு மூலை சிறிது கிளம்பியிருந்தது. அதன் கீழே மங்கிய சிவப்பு மையில் அச்செழுத்துகள்: “நிகழும்” என்னும் சொல்லும், அதன்கீழ் ஐயாவின் பெயரின் முதல் இரண்டெழுத்தும். 1975 இல் அச்சிட்ட ஐயா அம்மாவின் கலியாண அழைப்பிதழ். மிஞ்சிக் கிடந்த பிரதியொன்றை அம்மா அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்; அச்செழுத்தை மறைக்கவே அவள் தாள் ஒட்டியிருக்கிறாள். அல்பம் இல்லாத எங்களுக்கு அந்தக் கலியாணத்தின் அச்சிட்ட அத்தாட்சியாக எஞ்சியிருப்பது, இரண்டரைக்கு மூன்றரை அங்குலமான அந்தத் துண்டுதான்.

மாப்பசைதானே, ஈரத்துணியை முதுகில் அரைமணி நேரம் வைத்தால் தாள் கழன்று வந்துவிடும். கீழேயுள்ளதை முழுதாக வாசிக்கலாம். ஆனால் ஊற்றுப்பேனா மை ஈரத்தில் நிற்காது; “தம்பிக்கு” கரைந்து போய்விடும். முன்பக்கத்துப் படமும் தப்பும் என்பதற்கு உறுதியில்லை.

அக்கா இன்று கடல்கடந்து வாழ்கின்றாள். தொலைபேசியிற் கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அது கிடக்கட்டுமடா. நீ அந்தப் பெடியனுக்கு வேறை ஒண்டு செய்து குடு” என்றாள்.

300 கிராம் தாளில் அவனுக்கு ஓர் அட்டை செய்து கொடுத்தேன்; நாரோட்டம் பார்த்து வெட்டி, முதுகிலும் தாள் ஒட்டி. அக்காவின் அட்டையில் கிளம்பிய அந்த மூலைக்கு ஒரு துளிப் பசை போதும். இன்னும் வைக்கவில்லை.